தலவாக்கலைத் தம்பிக்கு: பிஸ்டல் போட்டிக்குப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். மெல்பர்ன் வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், ஓடி ஓடிச் சுடும் பிஸ்டல் போட்டி ஒன்றுக்கு வாங்கோ என்று கூப்பிடுகிறார். நம்ம ஆட்கள் அங்கே போகலாமா, ஆபத்தில்லையா, தலவாக்கலையில் இருக்கும் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? நானும் பொகவந்தலாவைப் பக்கம் லயத்தில் பிறந்தவன். இங்கே குடியேறிப் பல வருசமாக இந்தப் போட்டிகளில் சுடுகிறேன், சுடுகிறவர் பக்கத்தில் நின்று கட்டளையும் பாதுகாப்பும் பார்க்கும் ரேஞ்ச் ஆபீசராகவும் நிற்கிறேன். போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் முதல் வருசம் துவக்கு வாங்குகிற எண்ணத்தோடு போகாதீர்கள். அங்கே விதி எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போங்கள்.

அம்மா பயப்படுவதைக் குறைவாக நினைக்கவேண்டாம். மலையகத்தில் நம்ம சனம் துவக்கை எங்கே கண்டது? தொரை பங்களாவில், பொலிஸ்காரர் தோளில், சோதனைச் சாவடியில். அடுத்தது கட்டுத்துவக்கு. காட்டுப்பன்றிக்கென்று யாரோ கட்டிவைத்ததில், விறகுக்குப் போனவரும் கொழுந்து மலைக்குப் போனவரும் கால் இழந்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நம்ம பொடியன்களும் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு வருசக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். அந்த ஊர்த் தாய்க்கு, மகன் கையில் பிஸ்டல் என்று கேட்டால் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். விளையாட்டு என்று ஒரு சொல்லில் முடிக்காமல், என்ன நடக்கிறது என்று முழுதாகச் சொல்லுங்கள்.

நடப்பது இது. ஐபிஎஸ்சி என்று சொல்லும், இந்தப் போட்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியாவில் தொடங்கியது. அட்டை இலக்கும் இரும்பு இலக்கும் வைத்த களத்தில், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஓடி, நின்று, குனிந்து சுடுவார். எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுத்து மதிப்பெண் போடுவார்கள். இலக்குத் தவறினால் 10 புள்ளி போகும். சுடக்கூடாத அட்டையில் பட்டாலும் 10 போகும். ஆகவே வேகமாகச் சுட்டால் போதும் என்று வருகிறவர் முதல் மூன்று களத்திலேயே கடைசிக்குப் போய்விடுவார்.

வேகத்தைப் பற்றி யூடியூபில் நிறைய இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருக்கிற கட்டுப்பாட்டை.

சுடும் இடமான ரேஞ்சுக்குள் வரும் எல்லாத் துவக்கும் வெறுமையாக இருக்கவேண்டும், ரவை (தோட்டா) அடுக்கும் மெகசின் செருகியிருக்கக்கூடாது. பெட்டியிலோ, இடுப்பில் கட்டும் உறையான ஹோல்ஸ்டரிலோ இருக்கும் பிஸ்டலை நீங்கள் தொடக்கூடிய இடம் இரண்டுதான். ஒன்று, ரேஞ்ச் ஆபீசர் முன்னால், அவர் கட்டளை தந்த பிறகு. மற்றது பாதுகாப்புப் பகுதி என்று பலகை போட்டிருக்கும் மேசை. அந்த மேசையில் துவக்கை எடுக்கலாம், துடைக்கலாம், வெறுமையாக இழுத்துப் பழகலாம். ஆனால் அங்கே ரவையைக் கையில் எடுத்தால் போட்டியை விட்டே வெளியேற்றுவார்கள். பயிற்சிக்கென்று விற்கும் பொய் ரவையும் இதில் அடக்கம். புதியவர்கள் அநியாயமாக வெளியேறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காரில் இருந்து இறங்கி, பையை விரித்து, சும்மா பார்ப்போம் என்று பிஸ்டலைக் கையில் எடுப்பார்கள். அதோடு அன்றைய போட்டி முடிந்தது.

களத்தில் கட்டளை வரிசையாக வரும். ரவை ஏற்றித் தயாராகு என்பார், தயாரா என்று கேட்பார், பிறகு காத்திருக்கச் சொல்வார். அதன் பின் ஒன்றிலிருந்து நாலு செக்கனுக்குள் டைமர் கத்தும். முடிந்ததும் ரவையை இறக்கி, துவக்கில் ரவை நிற்கும் அறையைத் திறந்து காட்டவேண்டும். அவர் பார்த்த பிறகு, குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்த்தபடி வெறுமையாக ஒருமுறை ட்ரிகரை அமுக்கி ஹோல்ஸ்டரில் வைக்கவேண்டும். ரேஞ்ச் வெறுமை என்று அவர் சத்தமாகச் சொல்லும்வரை ஒருவரும் முன்னால் போகக்கூடாது. எல்லாம் ஆங்கிலத்தில், ஒரே சொற்களில், நோர்வேயிலும் பிலிப்பைன்ஸிலும் இங்கேயும் ஒரே மாதிரி. ஆங்கிலம் தடுமாறும் நம்ம ஆளுக்கும் ஒரு வாரத்தில் மனப்பாடமாகும். இந்த வரிசையில் அவசரப்படுகிறவரை எனக்குப் பிடிக்காது. சுட்டு முடிந்து, மூச்சு வாங்க, ஸ்கோர் என்ன என்று திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் அறைக்குள் ஒரு ரவை தங்கிவிடும்.

அடுத்தது துவக்கின் வாய். களத்தின் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்கு நேராக ஒரு கோடு வைத்தால், அதிலிருந்து எந்தப் பக்கமும் 90 பாகைக்கு மேல் வாய் திரும்பக்கூடாது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையை நினைத்துப் பாருங்கள். கத்தி வீசுகிறவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், கத்தி எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துத்தான் கங்காணி ஆளை நிறுத்துவார். இங்கே கத்தி எட்டும் தூரம் ஒரு கிலோமீற்றருக்கும் மேல், அதனால் கோடும் அவ்வளவு கடுமை. வலது கைக்காரர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மெகசின் மாற்றும்போதுதான் வாய் பின்னால் திரும்பும். மெகசின் செருகும் குழி இடது கையைத் தேடித் திரும்பும், உடம்பும் ஓடுகிற பக்கம் திரும்பும், இரண்டும் சேர்ந்தால் கோடு தாண்டும். களத்தை நடந்து பார்க்கத் தரும் ஐந்து நிமிசத்தில் பெரும்பாலானோர் எங்கே நின்று சுடுவது என்று மட்டும் கணக்குப் போடுகிறார்கள். எங்கே மாற்றுவது, அப்போது வாய் எங்கே இருக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். இடப்பக்கம் போகவேண்டிய களமென்றால் நின்ற இடத்திலேயே மாற்றிவிட்டு ஓடுங்கள். அரை செக்கன் போனால் போகட்டும்.

விரல் விதியும் அப்படித்தான். இலக்கைப் பார்த்துச் சுடும் நேரம் தவிர, ஓடும்போது, ரவை ஏற்றும்போது, இறக்கும்போது, இறுகிய துவக்கைச் சரிசெய்யும்போது, விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்கவேண்டும், பார்க்கிறவருக்குத் தெரியும்படி. எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார், மாநில அளவில் பரிசு எடுத்தவர். ஒரு போட்டியின் கடைசிக் களத்தில், முதலிடத்தில் நிற்கும்போது, இரண்டடி நகர்ந்த இடைவெளியில் விரல் உள்ளே இருந்தது. ரேஞ்ச் ஆபீசராக நின்றது அந்த வருசம்தான் பயிற்சி முடித்த ஒரு பிள்ளை. நிறுத்து என்றாள். அவர் நின்றார், இறக்கிக் காட்டினார், பெட்டியில் வைத்தார், அவளுக்குக் கை கொடுத்துவிட்டு மீதி நேரம் முழுக்க மற்றவர்கள் சுட்ட அட்டைத் துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினார். தொரை ஒன்று, கூலி ஒன்று என்று விதி பார்த்த இடத்திலிருந்து வந்தவன் நான். சாம்பியனையும் நேற்று வந்தவனையும் ஒரே விரலுக்காக வீட்டுக்கு அனுப்பும் இடம் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. இந்த விளையாட்டில் நான் நிலைத்ததற்கு அதுதான் காரணம். வெளியேற்றினால் தர்க்கம் பண்ணுகிறவர், முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர், இந்த விளையாட்டுக்கு ஆகமாட்டார். இதைத் தாங்கும் மனம் எனக்கு இருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காசு, விசா எல்லாம் அதற்குப் பிறகு.

பிஸ்டல் கீழே விழுந்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். சுடும் நேரத்தில் விழுந்தால் வெளியேற்றம். மற்ற நேரத்தில், ஹோல்ஸ்டரில் இருந்து வெறுந்துவக்கு நழுவி விழுந்தால், அது குற்றமில்லை. ஆனால் நீங்களே குனிந்து எடுத்தால் வெளியேற்றுவார்கள். விழுந்ததைப் பிடிக்கக் கை தானாகப் போகும்; போகும் கை ட்ரிகரில்தான் படும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். அவர் எடுத்து, சோதித்து, பெட்டியில் வைத்துத் தருவார்.

சுட்ட சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து, புசுக்கென்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சுடுகிறவருக்கு மூன்று மீற்றருக்குள் நிலத்தில் குண்டு பட்டாலும் போட்டி முடிந்தது; அதைவிடக் கிட்ட வைத்த அட்டை இலக்கைச் சுடும்போது மட்டும் விலக்கு. இரும்பு இலக்கை ஏழு மீற்றருக்குக் கிட்டப் போய்ச் சுடக்கூடாது, ஈயச் சிதறல் திரும்பி வரும். அதனால்தான் பார்க்க வருகிறவருக்கும் கண்ணாடி கட்டாயம். காதுக்கு உள்ளே நுரை அடைப்பான், மேலே காதுக்கவசம் என்று இரண்டும் போடுங்கள். போன கேட்கும் சக்தி திரும்பி வராது.

உடுப்பும் பாதுகாப்புத்தான். பிஸ்டலில் இருந்து பறக்கும் வெற்றுக்கோது நெருப்பாகச் சுடும். கழுத்து அகன்ற சட்டைக்குள் அது விழுந்தால், ஆள் துள்ளும்போது கையிலிருக்கும் துவக்கும் துள்ளும். கழுத்தை ஒட்டிய டீசேர்ட், முன்பக்கம் நீண்ட தொப்பி, வழுக்காத சப்பாத்து போடுங்கள்.

இனிச் சொல்வது வெள்ளைக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் சான்ட்விச்சைத் தாளில் சுற்றிப் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள். சுடும் புகையில் ஈயம் இருக்கிறது. பொறுக்கும் கோதிலும், அட்டையிலும், உங்கள் விரலிலும் இருக்கிறது. நம்ம ஆட்கள் சோத்துப் பார்சலைப் பிரித்துக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு முழங்கைவரை கழுவாமல் ஒரு பிஸ்கட் கூடத் தொடவேண்டாம். வீட்டுக்குப் போனதும் உடுப்பை மாற்றி, தனியாகத் துவைத்து, குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கவேண்டும். வளரும் பிள்ளையின் மூளைக்கு ஈயம் கேடு. கர்ப்பிணிகளை ரேஞ்சுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

சட்டம். 1996 ஏப்ரலில் தஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு அவுஸ்திரேலியா முழுவதும் ஒரே உடன்பாட்டுக்கு வந்தது. தற்காப்பு என்பது உரிமம் எடுக்கக் காரணமாகாது. கிளப்பில் சேர்ந்து உண்மையாகப் போட்டியிடவேண்டும். 2002இல் இதே மெல்பர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கிக்கு இன்னும் இறுக்கினார்கள். இலக்குச் சுடுதலுக்குப் பொதுவாக .38க்கு மேற்பட்ட கலிபர் (குழல் விட்டம்) கூடாது, மெகசினில் பத்து ரவைதான், அரைத் தானியங்கிப் பிஸ்டலின் குழல் 120 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு. உங்கள் விசாவுக்கு உரிமம் தருவார்களா என்று கிளப்பில் கேட்காமல், மாநிலப் பொலிசின் உரிமப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். சுவிஸில் இருக்கும் உங்கள் மச்சானும் ஆசைப்படுகிறார் என்றீர்கள். அவரை நிறுத்துங்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர், மாகாணம் விசேட அனுமதி தராமல், அங்கே துவக்கு வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. சுடவும் கூடாது. அப்படித் தடுத்த நாடுகளின் பட்டியலில் இலங்கையின் பெயர் இருக்கிறது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவது, சில விலக்குகள் தவிர, நின்றுபோனது.

நீங்கள் நாலு பொடியன்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். இரும்புப் பெட்டியைச் சுவரிலோ நிலத்திலோ போல்ட் போட்டு இறுக்கவேண்டும், வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், ரவைக்குத் தனிப்பூட்டு வேண்டும், உரிமம் இல்லாத யாருக்கும் சாவி எட்டக்கூடாது. நாளைக்குக் கல்யாணம் முடித்தால் மனைவிக்கும் அப்படித்தான். நம்ம வீடுகளில் விருந்தாளி வந்தால், அண்ணே ஒருக்கா காட்டுங்களேன் என்று கேட்காமல் போவதில்லை. ஒருக்காலும் காட்டாதீர்கள், கோபித்தால் கோபிக்கட்டும். அறைத் தோழர்களோடு இருக்கும்வரை சொந்தத் துவக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஊருக்குப் போகும்போது, ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை எந்தக் காரணத்துக்கும் பயணப் பையாகக் கொண்டுபோகாதீர்கள். தையலுக்குள் ஒரு ரவையோ வெற்றுக்கோதோ ஒளிந்திருந்தால் கட்டுநாயக்கவில் அதற்கு விளக்கம் சொல்லி முடியாது. பிஸ்டலோடு நிற்கும் படத்தை வாட்ஸப்பில் தலவாக்கலைக்கு அனுப்பவேண்டாம், டிக்டொக்கில் போடவேண்டாம். அந்தப் படம் எந்தக் கையில் போய் எந்தக் கதையாகும் என்று உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கேள்வி வரும்போது கதவைத் திறப்பது அம்மா.

இந்தச் சனிக்கிழமை அந்த நண்பரோடு போங்கள். பார்க்க மட்டும் வந்தேன், உதவி செய்கிறேன் என்று சொல்லுங்கள். உடனே கையில் ஒட்டுத்தாள் சுருள் ஒன்றைத் தருவார்கள். துளைகளை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் விரலையும் பாருங்கள், ரேஞ்ச் ஆபீசர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். சில மாதம் அப்படிப் போன பிறகும் ஆசை இருந்தால் கிளப்பின் பாதுகாப்புப் பயிற்சிக்கும் ஹோல்ஸ்டர் பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். கண்ணாடியும் காதுக்கவசமும் கிளப்பிலேயே இரவல் தருவார்கள், வாங்கத் தேவையில்லை. சாப்பாடு கொண்டுபோனால் கரண்டியும் கொண்டுபோங்கள்.