டாலர் குறி போட்டதெல்லாம் டாலர் அல்ல

கே: கொலம்பியாவில் ஒரு காபிக் கடை மெனுவில் டாலர் குறி போட்டு 8.000 என்றிருக்கிறது. காபிக்கு எட்டு டாலரா?

ப: எட்டாயிரம் பெசோ. சுமார் இரண்டு டாலர்தான், பயப்படாமல் குடியுங்கள். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, பைசாவுக்குக் காற்புள்ளி. பிரேசில், அர்ஜென்டினாவிலும் அப்படித்தான். மெக்சிகோவில் நம் வழக்கமே. குறிக்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். 1792-ல் அமெரிக்கா தன் டாலரை வகுத்ததே ஸ்பானிய வெள்ளிப் பெசோவை அளவாக வைத்துத்தான். 1857 வரை அந்த வெள்ளி அமெரிக்காவிலும் செல்லுபடியானது.

கே: ஈக்வடாருக்குச் சொந்தப் பணமே கிடையாதா?

ப: நோட்டு கிடையாது, சில்லறை உண்டு. வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகு, 2000-ல் பழைய பணமான சுக்ரேயில் 25,000-க்கு ஒரு டாலர் என்று கணக்குத் தீர்த்தார்கள். சென்டாவோ என்ற சில்லறை நாணயங்களை மட்டும் தனியாக வெளியிடுகிறார்கள். 100 டாலர் நோட்டோடு பெட்டிக்கடைக்குப் போகாதீர்கள், தொடக்கூட மாட்டார்கள்.

கே: பிரேசில் நோட்டில் தலைவர்கள் இல்லாமல் ஏன் ஆமையும் கிளியும்?

ப: 1986 முதல் 1994-க்குள் அங்கே பணம் ஐந்து முறை மாறியது. எழுத்தாளர் மஷாடு டி அசிஸ் முகம் போட்ட 1000 குருசாடோ நோட்டு 1987-ல் வந்தது. இரண்டே வருடத்தில் அதே நோட்டின் மேல் ‘1 புதிய குருசாடோ’ என்று முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். பாவம், மனிதரின் முகத்துக்கு நேரே மூன்று சுழியம் போயிற்று! இனி மதிப்பு இறங்கினாலும் ஆமைக்கு அவமானமில்லை என்பது என் கணிப்பு.

ஆனால் பிரேசிலின் இன்றைய பணமான ரியால் தப்பித்தது படத்தால் அல்ல. 1994 மார்ச் முதல் விலைகளை யூ.ஆர்.வி. என்ற கணக்குப் பணத்தில் குறிக்கத் தொடங்கினார்கள். அதற்கு நோட்டே கிடையாது. கையில் கொடுப்பது பழைய பணம், அதன் மாற்று விகிதம் தினமும் அறிவிக்கப்படும். பழைய பணத்தில் அரிசி விலை நாளுக்கு நாள் ஏறும்; யூ.ஆர்.வி.யில் அநேகமாக அசையாது. ஜனங்களுக்கு அசையாத விலை பழகியபின், ஜூலை 1 அன்று அந்தக் கணக்கையே ரியால் நோட்டாக வெளியிட்டார்கள். 2,750 பழைய பணத்துக்கு ஒரு ரியால்.

கே: போர்ச்சுகீசு பேசும் நாடுகளில் எல்லாம் யூரோ செல்லுமா?

ப: போர்ச்சுகல்லின் பணம்தான் யூரோ. அங்கோலாவில் குவான்சா, மொசாம்பிக்கில் மெட்டிகல், கிழக்குத் திமோரில் அமெரிக்க டாலர். 1961-க்கு முன் கோவாவிலும் புழங்கிய, போர்ச்சுகல்லின் பழைய பணமான எஸ்குடோ, இன்று கேப் வெர்டி தீவுகளில் மட்டும் உயிரோடிருக்கிறது. ஒரு யூரோவுக்கு 110.265 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சமிருந்தால் விமானம் ஏறுமுன் செலவழித்துவிடுங்கள். தீவுக்கு வெளியே மாற்றுவது பெரும்பாடு.