பத்திரம் யார் பெயரில்?

வாசகர் கேள்வி – பதில்: நிலம், வீடு, ஆவணம் (மும்பை)

செம்பூர் வாசகி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரைப் பார்த்தோம். ஒரு மதக்குழு கட்டிய ஊராம். முழு ஊரையும் ஒரே ஆளுக்கு விற்றுவிட்டுப் போனார்களாம். ஊரை எப்படி விற்க முடியும்?

வீடு, வயல், ஆலை, பழத்தோட்டம் எல்லாம் ஒரே கணக்கில் இருந்ததால் முடிந்தது. தனி ஆளுக்கு ஒரு சென்ட் நிலம்கூட அங்கே கிடையாது. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியிலிருந்து ஜார்ஜ் ராப் என்பவரின் பின்னால் வந்த குழு அது. 1805இல் சொத்தையெல்லாம் பொதுவில் எழுதிவைத்து ஹார்மனி சங்கமாகச் சேர்ந்தார்கள்.

அவர்கள் விற்ற முதல் ஊரும் நியூ ஹார்மனி அல்ல. பென்சில்வேனியாவில் கட்டிய முதல் ஹார்மனியை 1815இல் மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு 1,00,000 டாலருக்குக் கொடுத்தார்கள். வெறும் நிலமாக வாங்கிய விலையைப்போல அது 10 மடங்கு. நிலம் தானாக விலை ஏறிவிட்டதாக நினைக்க வேண்டாம். 10 வருடம் கூலியில்லாமல் உழைத்த கைகள் கட்டிய வீடும் ஆலையும் அந்த விலைக்குள் இருக்கின்றன. இரண்டாவது ஊர்தான் நீங்கள் பார்த்தது. 1814இல் வாபாஷ் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். சுமார் 20,000 ஏக்கர் சேர்ந்தது. கிழக்குச் சந்தைகள் வெகுதூரம், ஆரம்ப வருடங்களில் மலேரியா வேறு. அதனால் விற்க முடிவு செய்தார்கள். 1825 ஜனவரியில் ஸ்காட்லாந்து நூற்பாலை முதலாளி ராபர்ட் ஓவன் வாங்கினார். பொதுவாகச் சொல்லப்படும் விலை 1,50,000 டாலர். ஓவனின் சமத்துவப் பரிசோதனை 1827க்குள் குலைந்தது. விற்றவர்கள் பிட்ஸ்பர்க் அருகே ஓஹையோ ஆற்றங்கரையில் எகானமி என்ற மூன்றாவது ஊரைக் கட்டிச் செழித்தார்கள். இரண்டு கூட்டமும் பொதுவுடைமைதான். ஆனால் ஓவனிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஏர் பிடிக்கத் தெரியாது என்பது எங்கள் கணிப்பு.

மாட்டுங்கா வாசகர்: எல்லாம் பொது என்றால் பத்திரத்தில் யார் பெயர் இருக்கும்? நடுவில் விலகிப் போகிறவருக்குப் பங்கு உண்டா?

அந்தக் காலத்துச் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டு கேள்வியில்தான் பிறந்தன. இரண்டுக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது.

ஓஹையோவில் ஜோர் என்ற குடியேற்றம். 1817இல் 5,500 ஏக்கரை ஏக்கர் 3 டாலர் வீதம் 16,500 டாலருக்கு வாங்கினார்கள். பத்திரம் தலைவர் ஜோசப் பைமலர் பெயரில். முதலில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் எண்ணம் இருந்தது. கடன் அடையாது என்று தெரிந்ததும் 1819இல் எல்லாம் பொது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் இறந்துபோன ஓர் உறுப்பினரின் வாரிசுகள் பங்கு கேட்டு வழக்காடினார்கள். 1852இல் தீர்ப்பு: தனக்கென்று பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவருக்கு, வாரிசுகளுக்கு விட்டுப்போகச் சொத்து ஏதும் இல்லை. பைமலர் நேர்மையாக நடந்துகொண்டார். 1853இல் இறக்கும்போது சங்கத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் மனம் வேறாக இருந்திருந்தால் ஊர் நடுத்தெருவில் நின்றிருக்கும். சட்டம் காப்பாற்றவில்லை, ஆள்தான் காப்பாற்றினார். இதை ஒரு நல்ல ஏற்பாடு என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

ஹார்மனி சங்கத்தில் வேறு விதம். விலகுகிறவருக்குக் கொண்டுவந்த மதிப்பை வட்டியில்லாமல் திருப்பித் தருவதாக முதல் ஒப்பந்தம் சொன்னது. 1818இல் யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்ற கணக்குப் புத்தகத்தையே எரித்துவிட்டார்கள். 1836இல் திருப்பித் தரும் பிரிவையும் நீக்கினார்கள். 1819இல் சேர்ந்து 1846இல் வெளியேறிய ஒருவர் பங்கு கேட்டார். வெளியேறும்போது 200 டாலரை ‘நன்கொடை’ என்று பெற்றுக்கொண்டதாக அவர் போட்ட கையெழுத்தை நீட்டினார்கள். 1856இல் உச்ச நீதிமன்றம் அந்த ரசீதை ஏற்றது. 27 வருட உழைப்பு அதோடு முடிந்தது. ரசீதில் என்ன சொல் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

டோம்பிவிலி வாசகர்: அந்தக் காலத்து அமெரிக்காவில் அரசாங்க நிலம் எந்த அளவில், என்ன விலைக்குக் கிடைத்தது?

6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 பிரிவுகள், பிரிவுக்கு 640 ஏக்கர். 1820 சட்டப்படி குறைந்தது 80 ஏக்கர் வாங்க வேண்டும், ஏக்கர் 1.25 டாலர், கடன் கிடையாது. ஆக, கையில் 100 டாலர் ரொக்கம்.

தாராவி வாசகர்: மார்மன்கள் என்ற அமெரிக்க மதக்குழுவினர் ஊரைவிட்டு ஓடும்போது நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்று படித்தேன். அவ்வளவு பெரிய ஊர் எப்படிச் சரிந்தது?

வாங்கிய விதத்திலேயே ஓட்டை இருந்தது. 1839இல் இல்லினாய்ஸில் மிசிசிப்பி ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தை வாங்கி நாவூ என்று பெயரிட்டார்கள். பெரிய துண்டைக் கிழக்கத்திய முதலாளிகளிடம் கடனில் வாங்கினார்கள்: அசல் 50,000 டாலர் 20 வருடத்தில், வட்டி வருடத்துக்கு 3,000. வட்டி மட்டுமே 60,000 ஆகிறது, அசலைவிட அதிகம். இதை அடைக்க, 4 ஏக்கர் பிளாக்கை நாலாக வெட்டி ஒரு ஏக்கர் மனைகளாகப் புதிதாக வருகிறவர்களுக்கு விற்றார்கள். ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் இலவசமாகவும் கொடுத்தார்கள். கிழக்கே நிலம் வைத்திருந்த விசுவாசிகள் அதை முதலாளிகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நாவூவில் மனை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு மாற்றுத் திட்டமும் உண்டு. அது ஓடவில்லை. மேட்டுப் பகுதியில் தனியார் போட்டிக்கு மனை விற்றதால் சபையின் தாழ்வான மனைகளுக்குக் கிராக்கி குறைந்தது.

அதைவிடச் சிக்கல், உரிமை. மதச் சங்கம் சில ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம். அதனால் தலைவர் ஜோசப் ஸ்மித் 1841இல் சபையின் அறங்காவலராகவும் ஆனார். சொந்த நிலமும் சபை நிலமும் ஒரே ஆள் பெயரில் கலந்து கிடந்தன. 1844 ஜூன் 27இல் அவர் கொல்லப்பட்டதும், எது மனைவி மக்களுக்கு, எது சபைக்கு, எது கடன்காரர்களுக்கு என்று பிரிக்க வருடக்கணக்கில் ஆயிற்று. 1846 பிப்ரவரியில் மக்கள் மேற்கே கிளம்பினார்கள். சொத்தை விற்க மூன்று பேரை விட்டுப் போனார்கள். நீங்கள் போயே தீரவேண்டும் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் விலை அவன் சொல்வதுதான்.

இதே வேலையை நிதானமாகச் செய்தவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரம் தங்களை நெருங்கி வருவதைப் பார்த்த எபனேசர் என்ற மதக்குழு, 1855இல் அயோவாவில் புது நிலம் வாங்கியது. பழைய நிலத்தைத் துண்டு துண்டாக விற்று, விற்க விற்க ஆட்களைத் தொகுதி தொகுதியாக அனுப்பியது. சுமார் 10 வருடம் பிடித்தது. அயோவாவில் சேர்த்த நிலம் 26,000 ஏக்கர் அளவு, அதுதான் அமானா என்ற குடியேற்றம்.

முலுண்ட் வாசகர்: நாங்கள் டிரஸ்டாகப் பதிந்த பஜனை மண்டலி. தலைவர் பெயரில் பவர் கொடுத்துவிட்டால் எங்கள் மனையை அவரே விற்றுவிடலாம் என்கிறார் ஒரு புரோக்கர். சரியா?

தவறு. மகாராஷ்டிரா பொது டிரஸ்ட் சட்டம் 1950, 36ஆம் பிரிவுப்படி சேரிட்டி கமிஷனரின் (டிரஸ்டுகளைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி) முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ, மாற்றவோ, தானம் செய்யவோ முடியாது. கட்டடத்தையோ விவசாயமற்ற நிலத்தையோ 3 வருடத்துக்கு மேல், விவசாய நிலத்தை 10 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் அனுமதி வேண்டும். புரோக்கர்கள் குத்தகை விஷயத்தைச் சொல்லவே மாட்டார்கள்.

முதலில் உங்கள் டிரஸ்டின் ஷெட்யூல் ஒன் (டிரஸ்டின் சொத்து விவரம் உள்ள அரசுப் பதிவு) நகலை எடுத்து, மனை அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மண்டலிகளில் மனை இன்னும் வாங்கிய பெரியவர் பெயரிலேயே பிராப்பர்ட்டி கார்டில் (நகர நிலத்தின் அரசு உரிமைப் பதிவு) நிற்கும். அப்படியானால் விற்பனைப் பேச்சை நிறுத்திவிட்டு, அவருடைய வாரிசுகளோடு அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள். பெயர் சரியாக இருந்தால், ஏன் விற்கிறோம், பணம் எதற்கு என்று எழுதி டிரஸ்டிகள் தீர்மானம் போட வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, நாளிதழில் டெண்டர் விளம்பரம், வந்த விலைகளின் பட்டியல் இவற்றோடு விண்ணப்பம். டிரஸ்டுக்கு நன்மையா என்பதையே கமிஷனர் பார்ப்பார். மதிப்பீட்டுக்கும் கேட்ட விலைக்கும் இடைவெளி இருந்தாலோ, வாங்குபவர் டிரஸ்டியின் உறவினராக இருந்தாலோ கேள்வி வரும்.

உத்தரவில் நிபந்தனையும் கால வரம்பும் இருந்தால் அதற்குள் பதிவை முடியுங்கள். விற்றபின் 90 நாளுக்குள் 22ஆம் பிரிவில் சேஞ்ச் ரிப்போர்ட் (டிரஸ்ட் பதிவில் வந்த மாற்றத்தைத் தெரிவிக்கும் அறிக்கை) கொடுக்க வேண்டும். அனுமதிக்கு முன்னால் டோக்கன் பணம் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கும் வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதிக விலைக்கு வேறொருவர் வந்தால் டோக்கன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போவார், செலவு மண்டலியின் தலையில் விழும்.