பாஸ் லினக்ஸை எடுக்க ஃபார்மேட் எதற்கு?

கேள்வி: மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினி. ஆன் செய்தால் எந்த இயங்குதளம், பாஸ் லினக்ஸா, விண்டோஸ் 7-ஆ என்று கேட்கிறது. கவனிக்காமல் விட்டால் பாஸுக்குள் போய்விடுகிறது. உரக்கடைக் கணக்கு எல்லாம் விண்டோஸில் இருக்கிறது. பாஸை எடுக்க முழுக்க ஃபார்மேட் செய்ய வேண்டும், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி உண்டா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஃபார்மேட் வேண்டாம். கடைக்காரருக்கு அது சுலபம், அவ்வளவுதான். கணக்கும் போகும், கணினியோடு வந்த உரிமமுள்ள விண்டோஸும் போகும். அந்த இடத்தில் பெரும்பாலும் திருட்டு விண்டோஸ்தான் வந்து உட்காரும்.

பாஸை அழிப்பது இரண்டு நிமிட வேலை. ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். எதற்குள் போவது என்று கேட்கும் பட்டியல் விண்டோஸுடையது அல்ல. அது 'கிரப்' என்ற நிரல். அதன் பெரும்பகுதி பாஸுக்குள் இருக்கிறது. பாஸ் போனால் அதுவும் போய், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உள்ளே போக வழிதான் இருக்காது. அந்த நேரம் பார்த்து 'ஹார்ட் டிஸ்க் போச்சு' என்று பில் எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு பெட்டியிலும், ஒன்றை எடுப்பது எப்படி என்று தமிழில் அரைப் பக்கத் தாள் இருந்திருக்க வேண்டும்.

கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பாஸுக்குள் மகளின் படங்கள் இருந்தால் அதற்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்; விண்டோஸ் அந்தப் பகுதியைப் படிக்காது. பழைய பேட்டரியை நம்பி, மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் உட்காராதீர்கள்.

'கம்ப்யூட்டர்' மேல் வலது கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். டிஸ்க் 0-வின் ப்ராப்பர்ட்டீஸில், வால்யூம்ஸ் பக்கத்தில், பார்ட்டிஷன் ஸ்டைல் எம்பிஆர் என்று இருக்க வேண்டும். ஜிபிடி என்றால் வழி வேறு, நிறுத்திவிடுங்கள். 100 எம்பி 'சிஸ்டம் ரிசர்வ்டு' பகுதியில் (அது இல்லையென்றால் சி டிரைவில்) 'ஆக்டிவ்' என்று இல்லாவிட்டால், வலது கிளிக் செய்து ஆக்டிவ் ஆக்குங்கள்.

அடுத்து விண்டோஸ் 7 டிவிடி. உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து, அதே வகையை வாங்குங்கள், மாறினால் ஏற்காது. டிவிடியிலிருந்து துவக்கி, ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர், கமாண்ட் பிராம்ப்ட் வரை போய், ஆங்கில எழுத்தில் 'பூட்ரெக்', ஓர் இடைவெளி, '/ஃபிக்ஸ்எம்பிஆர்' (bootrec /fixmbr) என்று அடித்து என்டர் தட்டுங்கள். டிவிடியை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பட்டியல் இல்லாமல் நேராக விண்டோஸ் வர வேண்டும். வரும்வரை பாஸில் கை வைக்காதீர்கள்.

வந்த பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில், டிரைவ் எழுத்தும் ஃபைல் சிஸ்டம் பெயரும் இல்லாத பகுதிகளை டிலீட் செய்யுங்கள். பாஸும், அது தற்காலிகமாகப் பயன்படுத்தும் 'ஸ்வாப்' பகுதியும் அவைதான். 'ரெக்கவரி', 'ஓஇஎம்', 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று எழுதியிருப்பவற்றைத் தொடவே கூடாது.

காலியான இடத்தில் நியூ சிம்பிள் வால்யூம் போட்டுப் புது டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள். சி-யோடு சேர்க்க ஆசைப்படாதீர்கள். நடுவில் அடுத்தவர் வயல் இருக்கும்போது, தள்ளி இருக்கும் நிலத்தையும் சேர்த்து ஒரே வரப்பு போட முடியாதல்லவா? காலி இடம் சி-க்கு வலப்பக்கம் ஒட்டி இல்லாவிட்டால் சேராது. 'டைனமிக் டிஸ்க்' ஆக மாற்றட்டுமா என்று விண்டோஸ் எங்காவது கேட்டால், நோ சொல்லுங்கள். யெஸ் சொன்னால், விண்டோஸின் கருவிகளைக் கொண்டு பழையபடி ஆக்க எல்லாப் பகுதிகளையும் அழிக்க வேண்டிவரும். 1,500 ரூபாய் கொடுத்து வேண்டாம் என்ற ஃபார்மேட்டை நீங்களே செய்தது போலாகும்.

இன்னொன்று: விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. குரோம் 109-க்கு மேல் அதில் ஏறாது. கணக்கு எழுதுங்கள், வங்கிக் கடவுச்சொல்லை அதில் அடிக்காதீர்கள்.