‘சொன்னால் செய்வேனே’ – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. நாங்கள் காதலித்துத் திருமணம் செய்துகொண்டவர்கள். முன்பெல்லாம் விடிய விடியப் பேசினாலும் எங்களுக்குப் பேச்சு தீராது. இப்போது பால் குடித்தாளா, தூங்கினாளா, டயாபர் மாற்றியாயிற்றா என்பதைத் தாண்டி எங்களுக்குள் எதுவும் இல்லை. போன வாரம் நள்ளிரவில் குழந்தை அழுதபோது நானும் எழுந்து, “நான் என்ன செய்யவேண்டும், சொல்” என்று கேட்டேன். “அதையும் நானேதான் சொல்லவேண்டுமா?” என்று மனைவி அழத் தொடங்கிவிட்டாள். வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குத்தான் வருகிறேன். சொன்ன எதையும் செய்யாமல் இருந்ததில்லை. ஆனாலும் அந்த வீட்டில் நான் வேண்டாதவனாகிவிட்டதுபோல் இருக்கிறது. குழந்தை கொஞ்சம் வளர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். காத்திருக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

காத்திருக்காதீர்கள். குழந்தை வளர்ந்தால் தூக்கம் திரும்பும், வேலை குறையும். ஆனால் இந்த மாதங்களில் மனதில் சேரும் கசப்பு தானாகக் கரைவதில்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் “அப்போது நான் தனியாகத்தான் கிடந்தேன்” என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியின் அழுகை அன்றோடு நின்றதா, அடிக்கடி வருகிறதா? பிரசவமான முதல் சில நாட்களில் இனம்புரியாத அழுகை வருவது மிகப் பரவலானது, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடும். ஏழாம் மாதத்து அழுகையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லையா? முன்பு பிடித்த எதிலும் இப்போது மனம் ஒட்டவில்லையா? நான் நல்ல தாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? அப்படியானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வருவதாகச் சொன்னால் அன்றைக்கே செல்லுங்கள். இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் பயன்பட்டு வரும் எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான் உள்ளன. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் இது. தந்தையருக்கும் வருகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010-ல் வெளியான கட்டுரை ஒன்று, ஏறக்குறைய பத்தில் ஒரு தந்தைக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. வேண்டாதவனாகிவிட்டதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் போனால் உங்களைப் பற்றியும் பேசிவிட்டு வாருங்கள்.

இனி அந்த நள்ளிரவுக்கு வருவோம். நீங்கள் கேட்டது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அவர் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை ஏன் அழுகிறது என்று யோசித்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்து, அதை உங்களுக்கு எடுத்துச் சொல்லி, சரியாக நடந்ததா என்று பார்க்கவும் வேண்டியது அவர்தான். உங்கள் பங்கு நடுவில் வரும் ஒரு துண்டு வேலை மட்டுமே. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019-ல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது ஆகிய நான்கில், முடிவெடுப்பதை மட்டும் பலரும் சேர்ந்தே செய்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தன. யார் கண்ணுக்கும் தெரியாத இந்த உழைப்புக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று கிடையாது, குளிக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

டயாபரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று என்றால் மாற்றுகிறீர்கள். தொடை மடிப்பில் ரப்பர் பட்டை பதிந்த சிவப்புத் தடத்தைப் பார்த்து, அளவு போதவில்லை என்று கண்டுகொண்டவர் யார்? பாக்கெட்டில் இன்னும் நான்குதான் மிச்சம் என்பது யார் நினைவில் இருக்கிறது? அடுத்த அளவை வாங்கி வைத்து, பழையதில் மிஞ்சியதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பவர் யார்? இத்தனையும் சேர்ந்ததுதான் டயாபர் வேலை.

ஆகவே சில பொறுப்புகளை அடியோடு உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி என்றால் தேதியை நினைவில் வைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அட்டையை எடுத்துப் போவது, அன்றிரவு காய்ச்சல் வந்தால் விழித்திருப்பது எல்லாம் உங்கள் பாடு. எந்தெந்தப் பொறுப்பு என்பதை மட்டும் இருவரும் உட்கார்ந்து ஒருமுறை பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் நீங்கள் செய்வது அவர் செய்வதுபோல் இருக்காது. சட்டைப் பொத்தான் மாறிப் போகும், பையில் ஏதாவது விட்டுப்போகும். அப்போது அவர் குறுக்கே வந்து திருத்தாமல் இருக்கவேண்டும். இதை அவரிடமும் நான் சொல்வதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் கையிலிருந்து பிடுங்கிச் சரிசெய்தால் எந்தத் தகப்பனும் மெல்ல ஒதுங்கிவிடுவான்.

குழந்தை பிறந்ததும் மணவாழ்வு ஆட்டம் காண்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1957-லேயே லெமாஸ்டர்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 46 தம்பதிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் 38 தம்பதிகளுக்கு முதல் குழந்தையின் வரவு பெரும் நெருக்கடியாக இருந்தது தெரியவந்தது. குழந்தை வேண்டும் என்று விரும்பிப் பெற்றவர்களே அவர்களில் மிகப் பெரும்பாலோர். புதுமணத் தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஷாபிரோ, காட்மன், காரேர் மூவரும் 2000-ல் வெளியிட்ட ஆய்விலோ, தாயான பெண்களில் 67 சதவீதம் பேருக்கு மணவாழ்வின் நிறைவு குறைந்திருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது மீதி 33 சதவீதம். அவர்களுடைய நிறைவு குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. அவர்களுடைய கணவர்கள் மனைவிமீதுள்ள பிரியத்தை வெளிப்படுத்துபவர்களாகவும், மனைவியின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று அறிந்து வைத்திருப்பவர்களாகவும் இருந்தார்கள்.

இன்று உங்கள் மனைவியை எது அச்சுறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? வேலைக்குத் திரும்புவதா, திரும்ப முடியாமல் போவதா? எந்தத் தோழியுடன் பேசுவது நின்றுபோயிற்று? கண்ணாடியில் தன் உடலைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றுகிறது? குழந்தை எத்தனை முறை பால் குடித்தது என்ற கணக்கு இருவரிடமும் இருக்கும். இவற்றைக் கேட்க ஆள் இல்லை. தினமும் கொஞ்ச நேரம், குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் சில நாட்கள் பேச ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். வேண்டாதவனாகிவிட்டேன் என்ற வரியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவர் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். குற்றச்சாட்டாக இல்லாமல் அவரிடமே சொல்லுங்கள்.

பகலில் சொல்லுங்கள். நள்ளிரவில் எதையும் தீர்க்க முயலாதீர்கள். தூக்கம் கெட்ட மறுநாள் தம்பதிகள் அதிகம் சண்டையிடுகிறார்கள் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அதற்கு ஆய்வு தேவையா? ஒவ்வொருவருக்கும் நான்கைந்து மணி நேரம் தொடர்ச்சியான தூக்கம் கிடைக்கும்படி இரவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தாய்ப்பால்தான் என்றாலும் குழந்தையைத் தூக்கிவந்து கொடுப்பது, தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றித் தூங்கவைப்பது எல்லாம் உங்களால் முடியும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன், பலரும் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைவதால் பெண்ணுறுப்பில் வறட்சியும் உறவின்போது வலியும் ஏற்படலாம், நாட்டமும் குறையலாம். உங்கள்மீது அன்பு போய்விட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். நாள் முழுக்க ஒரு குழந்தை தன்மேல் ஒட்டிக்கொண்டிருந்த பிறகு, இன்னொரு தொடுதலே வேண்டாம் என்றும் அவருக்குத் தோன்றலாம். கையைப் பிடிப்பதும் தோளை அணைப்பதும் வேறு எதற்கும் முன்னோட்டமாக இல்லாமல் அதனளவிலேயே நடக்கட்டும். எப்போது, எதுவரை என்பதை அவர் சொல்லட்டும். வலி நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவேண்டியதில்லை, மகப்பேறு மருத்துவரிடம் அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அன்புடன்.