டெஸ்டிமோனா யாரிடம் போய் உதவி கேட்டாள்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 33. காதல் திருமணம். வேறு சாதி என்பதால் அப்பா இன்னும் என்னை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் நல்லவர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய சித்தப்பா மகன் கடையில் கூட இருக்கிறார். எல்லாம் அவரால்தான். இந்த வருடம் எங்கள் துறைக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டி வேலைக்காக அவரோடும் மற்றவர்களோடும் மாலையில் உட்கார வேண்டியிருக்கிறது. "அண்ணி இன்னைக்கும் லேட்டா?" என்பார் கொழுந்தன். "ஏன்டா கேக்குற?" என்று கணவர் கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். அவ்வளவுதான் சொல்வார். சொல்லாத ஒன்றை நான் எப்படி மறுப்பது? அவர் வந்தாலே இரவு வீட்டில் சண்டை.

இப்போது என் போன் தினமும் சோதனைக்குப் போகிறது. போன மாதம் அழித்திருந்த ஒரு மெசேஜைக் கேட்டு அறைந்துவிட்டார், அப்புறம் அவரே அழுதார். "பெத்த அப்பனையே ஏமாத்திட்டு வந்தவதானே நீ" என்றும் சொன்னார். மாமியாருக்கு எல்லாம் தெரியும். "ஆம்பளைன்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போ" என்கிறார்.

இந்தப் பருவத்தில் நான் நடத்தும் பாடம் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகம். அப்பாவுக்குத் தெரியாமல் ஒதெல்லோவை மணந்தவள் டெஸ்டிமோனா. முதல் அங்கத்தில் டெஸ்டிமோனாவின் அப்பா மருமகனிடம் சொல்வாரே, "தகப்பனை ஏமாற்றியவள், உன்னையும் ஏமாற்றலாம்" என்று, அந்த வரியில் எனக்குக் குரல் வரவில்லை. மாணவிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

போன் பாஸ்வேர்டு, லொகேஷன் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வேலையையும் விட்டுவிட்டால் நம்புவாரா? இல்லை, கொழுந்தனிடமே போய் "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று கேட்கட்டுமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கொழுந்தனுக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அறைக்கு ஒரு வரிதான், அதையும் "அப்புறம் அவரே அழுதார்" என்று நீங்களே ஆற்றிவிடுகிறீர்கள்.

கொழுந்தன் செய்வது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான். மூன்றாம் அங்கத்தில் டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு ஒதெல்லோவின் துணைத் தளபதி காசியோ விலகிப் போவதைப் பார்த்து, ஒதெல்லோவின் கீழ் வேலை பார்க்கும் இயாகோ "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று முணுமுணுப்பான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். பிறகு, பொறாமை பொல்லாதது, ஜாக்கிரதை என்று அவனே புத்தியும் சொல்வான். குற்றம் சாட்டாமல் ஒரு வெற்றிடத்தை விட்டுப்போவதுதான் அவன் தந்திரம். ஆனால் அந்த இடத்தை நிரப்புவது இயாகோ அல்ல, ஒதெல்லோ. அதற்கான பயங்கள் அவனிடம் ஏற்கெனவே இருந்தன: வெனிஸில் தான் அந்நியன், கறுப்பன், வயதானவன், இப்படிப்பட்ட பெண் தன்னோடு எத்தனை நாள் இருப்பாள் என்று. உங்கள் கணவருக்குள் என்ன பயம் இருக்கிறதோ, தெரியாது. அதைப் பேச வேண்டியவர் அவர்தான். கொழுந்தன் நாளைக்கே ஊரைவிட்டுப் போனாலும் அந்தப் பயம் கூடப் போகாது.

அப்பாவை ஏமாற்றியவள் என்ற வரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அப்பா சொன்னதை இயாகோ அப்படியே எடுத்து, இரண்டு அங்கம் கழித்து ஒதெல்லோவிடம் திருப்பிச் சொல்கிறான். ஒதெல்லோ "உண்மைதான்" என்று தலையாட்டுகிறான். தகப்பன், கணவன், அவன் கீழ் வேலை பார்க்கும் கொடி அதிகாரி இயாகோ என்று மூன்று ஆண்களும் மூன்று விதம். ஆனால் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்த பெண் இன்னொரு முறையும் தேர்ந்தெடுப்பாள் என்பதில் மட்டும் மூவரும் ஒரே கட்சி. ஒதெல்லோவுக்காக வெனிஸின் ஆட்சி மன்றமான செனட் முன்னால் நின்று பேசிய அவளுடைய தைரியமே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. நீங்கள் வீட்டை விட்டு வந்தது அவரோடுதான், அவருக்காகத்தான். அவருக்கு அது தெரியாதா என்ன?

சரி, பாஸ்வேர்டு கொடுத்தால் நம்புவாரா? நான்காம் அங்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒதெல்லோ, இயாகோவின் மனைவி எமிலியாவை விசாரிக்கிறான். டெஸ்டிமோனாவின் கூடவே இருந்த பணிப்பெண் அவள். டெஸ்டிமோனா உண்மையானவள், என் ஆன்மாவையே பணயம் வைக்கிறேன் என்கிறாள். நேரடி சாட்சி! அவள் நகர்ந்ததும் ஒதெல்லோ என்ன சொல்கிறான்? இவள் வேறு என்ன சொல்லப்போகிறாள் என்று ஒதுக்கிவிடுகிறான். நாள் கணக்கும் அவன் பார்ப்பதில்லை. சைப்ரஸுக்கு காசியோ ஒரு கப்பலில் வந்தான், டெஸ்டிமோனா வேறு கப்பலில் வந்தாள். எப்போது நடந்திருக்க முடியும் என்று ஒரு தடவைகூட அவன் யோசிக்கவில்லை. ஆதாரம் போதாமல் வந்த சந்தேகமாக இருந்தால்தானே ஆதாரம் அதைத் தீர்க்கும்? போனைப் பார்த்தால் அவருக்கு ஒரு மணி நேரம் நிம்மதி, அப்புறம் "அழிச்சது என்ன?" என்ற கேள்வி. கொடுக்கக் கொடுக்கத் தேவை கூடும். வேலையை விட்டால் "ஏன் விட்டாள்?" என்பதும் சந்தேகமாகும். சம்பளம்தான் இப்போது உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் தரை, விடாதீர்கள்.

கொழுந்தனிடம் கேட்கவே வேண்டாம். கணவன் தன்னை வேசி என்று திட்டிவிட்டுப் போன பிறகு டெஸ்டிமோனா மண்டியிட்டு உதவி கேட்டது இயாகோவிடம்தான். "எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவைத்தான். அதே இரவு கணவன் கையால் அவள் இறந்தாள். அந்தக் கட்டத்தை மேடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருக்கும்.

கேட்க வேண்டியது எமிலியாக்களிடம். ஒதெல்லோ டெஸ்டிமோனாவுக்குப் பரிசளித்த கைக்குட்டையை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தவள் எமிலியா; அதைத்தான் அவன் ஆதாரமாக்கினான். எஜமானி தேடியபோது தெரியாது என்றாள். புருஷன் பேச்சை மீறாமலே பழகியவள். ஆனால் கடைசியில் உண்மையை உடைத்துச் சொன்னதும் அவள்தான். உங்கள் மாமியாரும் அப்படித்தானோ என்னவோ. அவரிடம் "சந்தேகப்படுறார்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், "உங்க பையன் என்னை அடிச்சார்" என்று சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால், உடன் வேலை பார்க்கும் ஒரு தோழியிடமாவது இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இதைச் செய்தது யார் என்று எமிலியா கேட்டபோது, சாகும் நேரத்திலும் "யாருமில்லை, நானேதான்" என்றாள் டெஸ்டிமோனா. "கணவர் நல்லவர்" என்று தொடங்கும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நல்லவராகவே இருக்கட்டும். அறைந்தது அவர்தான்.

இந்தச் சந்தேகம் நோயாக முற்றுவதும் உண்டு. 1955-ல் டாட், டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் அதற்கு ஒதெல்லோவின் பெயரையே வைத்தார்கள். குடியோடும் வரும், வேறு மனநோய்களோடும் வரும். சிகிச்சை இருக்கிறது. உங்கள் கணவருக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. தூக்கமில்லாமல் தவிக்கிறாரா, பின்தொடர்கிறாரா, துணிமணிகளைச் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். சண்டை இல்லாத ஒரு நாளில், "உங்களைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு, டாக்டர்கிட்ட போவோம்" என்று கேட்டுப்பாருங்கள்.

அதற்கு முன்னால் சில ஏற்பாடுகள். உங்கள் சான்றிதழ்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் இவற்றைத் தோழி வீட்டில் வைத்துவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181. தோழியின் போனிலிருந்து கூப்பிடுங்கள், உங்கள் போனில் வேண்டாம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வீட்டை விட்டு வெளியேறாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்க முடியும். ஆனால் அவர் கை உங்கள் கழுத்துக்குப் போனாலோ, கொன்றுவிடுவேன் என்று ஒருமுறை சொன்னாலோ, அது அடுத்த கட்டம். பேசிப் பார்க்காமல் அன்றைக்கே மகளோடு கிளம்பிவிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.

கணவன் மனைவி சேர்ந்து ஆலோசனைக்கு வருவது நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எதையும் சொல்ல மாட்டீர்கள், சொன்னாலும் இரவு வீட்டில் அதற்கு விசாரணை நடக்கும். முதலில் நீங்கள் தனியாக வாருங்கள், அவர் தனியாக வரட்டும். சேர்ந்து உட்கார்வதை, அவர் கை ஓங்குவது நின்ற பிறகு பார்ப்போம்.