ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட மனையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில், ஓர் ஊராட்சி எல்லைக்குள், இரண்டே முக்கால் சென்ட் மனை விலைக்கு வந்திருக்கிறது. 2012-இல் மனையாகவே கிரயம் ஆகியிருக்கிறது, பட்டாவும் உண்டு. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் மட்டும் இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, பத்திரமும் பதிவாகும்" என்கிறார் தரகர். அங்கீகார மனை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. இதை வாங்கி வீடு கட்டலாமா?

பதில்: இப்போது இருக்கும் நிலையில் வாங்க வேண்டாம். விற்பவர் வரன்முறை ஆணை, அதாவது அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தித் தரும் ஆணை, பெற்றுத் தந்த பிறகு வாங்கலாம்.

தரகர் சொல்லும் பஞ்சாயத்து அப்ரூவலை முதலில் பார்ப்போம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டுமானால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் ஊராட்சித் தலைவர் வரைபடத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் அது அங்கீகாரம் ஆகாது. அந்த வரைபடத்தின் நகலை வாங்கி நன்றாகப் பாருங்கள். ஒப்புதல் எண்ணும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா, சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். தானப் பத்திரம் இல்லாத இடத்தில், வரைபடத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட மூலை பிற்பாடு 'ஏ', 'பி' என்று எண்ணிட்ட மனைகளாக விற்பனைக்கு வருவதும், இருபத்துமூன்று அடிச் சாலை வேலி நகர்ந்து நகர்ந்து பதினைந்து அடியாகச் சுருங்குவதும் இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல.

அடுத்தது, பத்திரம் பதிவாகும் என்பது. இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. 2016 அக்டோபர் 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு உண்டு: அதே மனை ஏற்கெனவே மனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடியும் பதியலாம். நீங்கள் சொல்லும் மனை 2012-இல் மனையாகப் பதிவானது என்பது உண்மையானால் இந்த விலக்கு அதற்குப் பொருந்தும். ஆகவே தரகர் சொன்னது பொய்யல்ல. ஆனால் இந்த விலக்கு பதிவுக்கு மட்டுமே உரியது. கட்டட அனுமதிக்கு அது உதவாது. 2017-இல் வந்த வரன்முறை விதிகளின்படி, வரன்முறை செய்யப்படாத மனைக்குக் கட்டட அனுமதியும் இல்லை. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் இல்லை. பத்திரம் உங்கள் பெயருக்கு வந்துவிடும், வீடு மட்டும் எழும்பாது. பழைய பத்திரத்தில் 'மனை' என்று எழுதியிருக்கிறதா, 'புஞ்சை நிலம்' என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புஞ்சை என்று இருந்தால் இந்த விலக்கே கிடைக்காது. 2016-க்குப் பிறகு சில தரகர்கள் மனையை மனை என்று எழுதாமல், பெரிய நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் என்று எழுதி விற்கிறார்கள். அப்படிப்பட்ட பத்திரத்தை நம்பி வாங்கியவர், தம் மனை எது என்று ஆவணத்தின் வழியே சுட்டிக்காட்டவே முடியாது. பட்டாவும் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. நிலம் யாருடையது என்பதைத்தான் அது சொல்கிறது.

2016 அக்டோபர் 20-க்கு முன் கிரயம் ஆன மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு ஆகியவற்றில் அமைந்த மனைகளுக்கு அது கிடையாது. முதலில் மனைப்பிரிவு முழுவதன் அமைப்புக்கும் ஒப்புதல் கிடைக்க வேண்டும். தனி மனைக்கான ஆணை அதன் பிறகுதான். ஒரே கோப்பு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் இடையே எத்தனை முறை போய் வர வேண்டும் என்பதற்குக் கணக்கே இல்லை. கெடுவை மட்டும் அரசு திரும்பத் திரும்ப நீட்டித்தது. ஊர் எந்தத் திசையில் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் திட்டமும் அதற்கான ஆட்களும் ஊராட்சிக்குத் தரப்படவில்லை. கையில் இருப்பது முத்திரை ஒன்றுதான். அதை மனை வியாபாரிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஏமாந்து நிற்பவர்களோ உங்களைப் போன்ற வாடகைக் குடித்தனக்காரர்கள்.

எனவே விற்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் அவர் பொறுப்பு, ஆணை கைக்கு வந்த பிறகே கிரயம், வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். இவற்றை எழுதி, கிரய ஒப்பந்தமாகப் பதிவு செய்யுங்கள். "நானே ரெகுலரைஸ் செய்து தருகிறேன்" என்று தரகர் கேட்கும் ரொக்கத்தைத் தராதீர்கள். பொது அதிகார ஆவணம் வைத்திருப்பவர் விற்க வந்தால், உரிமையாளரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிவடைந்தவர்களுக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. இந்த மனைகளுக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை. வேண்டியவர்களுக்குத் தெரிவதும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் தரும் விஷயம். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் வட்டாரத்தில் அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளின் வரைபடங்களில் அந்தச் சிறு மனைகள் எவை என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் தராமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.