வடிவியல் சொற்கள் பிள்ளைக்கு மனதில் நிற்க என்ன செய்யலாம்?

கேட்டிருப்பது இது: மகள் ஆங்கில வழியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அக்யூட், அப்டியூஸ், ரேடியஸ், கார்ட் எல்லாம் மனப்பாடம் செய்தும் தேர்வில் மாற்றி எழுதிவிடுகிறாள். தமிழில் சொல்லிக்கொடுத்தால் உதவுமா?

கண்டிப்பாக உதவும். பல வருடங்களாக மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் வடிவியலை மட்டும் தமிழில்தான் தொடங்குவேன். அக்யூட் என்ற ஒலி நம் பிள்ளைக்கு எதையும் காட்டுவதில்லை. குறுங்கோணம் என்றால் குறுகியிருக்கிறது, விரிகோணம் என்றால் விரிந்திருக்கிறது. சொல்லுக்குள்ளேயே படம் இருக்கிறது. அந்தப் படம் பதிந்த பிறகு ஆங்கிலச் சொல்லை அதன் மேல் ஒட்டிவிடலாம்.

முதலில் விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குட்டை, இரண்டு நீளம். குட்டைக் குச்சிகளை ஒரு முனையில் சேர்த்துக் கொஞ்சம் திறந்து வைத்தால் குறுங்கோணம். புத்தகத்தின் மூலை உள்ளே சரியாகப் பொருந்துகிற அளவுக்குத் திறந்தால் செங்கோணம், 90 பாகை (டிகிரி). அதைத் தாண்டினால் விரிகோணம். இரண்டும் ஒரே கோடாகப் படுத்துவிட்டால் நேர்கோணம், 180 பாகை. இப்போது நீளக் குச்சிகளையும் பக்கத்தில் அதே அளவு திறந்து வைத்து, எந்தக் கோணம் பெரியது என்று கேளுங்கள். பெரும்பாலும் நீளக் குச்சியைத்தான் காட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டினால், கோணம் என்பது திறப்புதான், குச்சியின் நீளம் இல்லை என்பது கண்ணால் புரியும். இதைப் புரியவைக்க ஒரு முழு மாலை ஆனாலும் பரவாயில்லை.

ஒருமுறை ஒரு சிறுமி, "செங்கோணம்னா சிவப்புக் கோணமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. செம்மைக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு, நேர்மை, ஒழுங்கு என்றும் பொருள் உண்டு. செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது. செங்குத்து, செவ்வகம் இரண்டிலும் இருப்பது அதே செம்மைதான். என் அப்பா கொத்தனார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் மூலையில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவார். ஒரு நூலில் 3 அடியில் ஒரு குறி, மற்ற நூலில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் நடுவே சரியாக 5 அடி வந்தால்தான் "மூலை மட்டமா இருக்கு" என்பார். அவர் பிடித்த அந்த 5 அடிதான் செங்கோண முக்கோணத்தின் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற பக்கம். மொட்டை மாடியில் சாக்குக்கட்டியும் டேப்பும் வைத்து இதை உங்கள் மகளே செய்து பார்க்கலாம்.

வட்டத்துக்கு வருவோம். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கட்டை ஆரக்கால். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகிற கோடு ஆரம், அதுதான் ரேடியஸ். வட்டத்தின் விளிம்பில் ஒரு துண்டை மட்டும் பாருங்கள், வளைந்த வில் மாதிரி இருக்கும். அதன் பெயரும் வில்தான். வில்லின் இரு முனையையும் இழுத்துக் கட்டினால் நாண், அதுதான் கார்ட். ஒரு பக்க விளிம்பிலிருந்து மையம் வழியாக மறுபக்கம் போகிற நாண், விட்டம். ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற உத்தரத்தையும் விட்டம் என்றுதானே சொல்கிறோம்! ஆரம், வில், நாண், விட்டம் நான்கையும் இப்படி ஒரே படத்தில் சொல்லிவிட்டால் எது எது என்ற குழப்பமே வராது.

கோடுகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். இரு பக்கமும் முடிவில்லாமல் போவது கோடு. ஓரிடத்தில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் போய்க்கொண்டே இருப்பது கதிர், டார்ச் வெளிச்சம் மாதிரி. இரு முனையும் உள்ளது கோட்டுத்துண்டு. எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காமல் ஜோடியாகப் போகிறவை இணைகோடுகள்.

உருவங்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, மூலை மேலே வருகிற மாதிரி திருப்பி வைத்தால், பல பிள்ளைகள் அது சதுரமே இல்லை, டைமண்ட் என்பார்கள். புத்தகத்தில் எப்போதும் நேராகவே பார்த்த பழக்கம். அட்டையை அவள் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். அப்புறம் நான்கு பக்கமும் சமமாகவே இருக்க, மூலைகள் மட்டும் செங்கோணமாக இல்லாத ஒன்றை வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். சாய்சதுரம் என்ற பெயர் ஏன் வந்தது என்று அவளே சொல்வாள்.

இணையத்தில் தேடினால் இலங்கைப் பாடங்களும் வரும். அங்கே ஆரத்துக்கு ஆரை, கர்ணத்துக்குச் செம்பக்கம், கோணமானிக்குப் பாகைமானி. சொல்தான் வேறு, பொருள் ஒன்றுதான். பயப்பட வேண்டாம்.

கடைசியாகக் கோணமானி. அதில் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என்று இரண்டு வரிசை எண்கள் இருக்கும். 60 இருக்கிற இடத்திலேயே 120ம் இருக்கும். எதைப் படிப்பது என்று பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அளப்பதற்கு முன்னால், "இது குறுங்கோணமா, விரிகோணமா?" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குறுங்கோணம் என்று சொன்ன பிள்ளை 120 என்று எழுதாது.